விண்ணப்பித்தவர்கள்

பேயில்லை, பிசாசில்லை என்போர் நாம். எனினும், ஒரு திகிற்படம் நம்மையும் அஞ்சவைக்கிறது. 1970-இல் மேற்கு ஜெர்மனித் தொலைக்காட்சி ஒளிபரப்பிய 'தாஸ் மில்லியோனென்ஷ்பீல்' அது. ஒருவனைக் கொலைகாரர்கள் ஏழு நாள் துரத்துவர். தப்பினால் பத்து லட்சம் மார்க் பரிசு. நாடே வீட்டிலிருந்து கண்டு களிக்கும்! தொலைக்காட்சிப் போட்டிகளைச் சாடப் புனைந்த கதைதான். மெய்யென்றே நம்பினர் சிலர். பதறிக் கண்டித்தோர் உண்டு. தாமும் ஓடிட விண்ணப்பித்தோரும் உண்டு!

பணம் மட்டுமா அவர்களை இழுத்தது? நாடே நம்மைப் பார்க்கும் என்ற நப்பாசையும் அன்றோ! செயலின் நிழல் புகழ். செயலின்றி நிழல் தேடுவோனிடம் விற்பதற்கு உயிரன்றி வேறென்ன உண்டு? அதை வாங்குவோர் யார்? இமைகொட்டாது பார்த்திருக்கும் நாமன்றோ!

பேய் சுடுகாட்டில் இல்லை, தோழர்களே! பிறர் சாவைக் கேளிக்கையாக்கும் கண்களிலே குடியிருக்கிறது. அக்கண்களை மூடச் சொல்லவில்லை, திறக்கச் சொல்கிறோம்.