உறையின் விலை

துப்பாக்கிக்கென்று என்னிடம் இருந்தது 500 டாலர். மகனுக்குப் பல் கிளிப் போட ஒதுக்கியதில் மிஞ்சிய பணம். பாளையங்கோட்டையில் ஞாயிறு பள்ளியில் வசனம் ஒப்பித்துப் பரிசு வாங்கியவள் நான். டெக்சஸில் ஒரு கடையின் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று விலைச்சீட்டுகளைப் படித்துக்கொண்டிருந்தேன். புதிய க்ளாக் 19-இன் விலை 500-ஐத் தாண்டியது. டாரஸ் ஜி3சி 300-க்குள் இருந்தது. பக்கத்துப் பெட்டியில் பழைய துப்பாக்கிகள். பிடியில் வேறொருவர் கை தேய்ந்த தடம் அப்படியே தெரிந்தது.

பிப்ரவரியில் ஒரு இரவு நான் வேலையில் இருந்தபோது யாரோ எங்கள் வீட்டுப் பின்கதவை உதைத்தார்கள். தாழ்ப்பாள் பக்கத்து மரச்சட்டம் பிளந்துபோயிற்று. சங்கிலி மட்டும் தாங்கியது. 15 வயது மகன் குளியலறைக்குள் பூட்டிக்கொண்டு எனக்குப் போன் செய்தான். பேசவில்லை. அவன் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. வந்தவர்கள் என்ன நினைத்தார்களோ, போய்விட்டார்கள். அவன் அப்பா இறந்து 4 வருடம் ஆகிறது.

நான் ஒரு மருத்துவமனையின் இரத்த வங்கியில் வேலை பார்க்கிறேன். அப்போது இரவு ஷிப்ட். குண்டடிபட்ட ஒருவரைக் கொண்டுவந்தால் கீழேயிருந்து போன் வரும். இரத்த வகை பார்க்க நேரம் இருக்காது. ஓ வகைச் சிவப்பணுப் பைகளைக் குளிர்பெட்டியில் அடுக்கி அனுப்புவேன். ஆணுக்கு ஓ பாசிட்டிவ், பிள்ளை பெறும் வயதுப் பெண்ணுக்கு ஓ நெகட்டிவ். பின்னாலேயே பிளாஸ்மாவை உருக்க வேண்டும், தட்டணுக்களை எடுக்க வேண்டும். ஒரே ஆளுக்கு 20 பை போன இரவு உண்டு. யாரென்று தெரியாதவருக்குக் கணினி ஒரு தற்காலிகப் பெயர் வைக்கும். அவர் திருடப் போனவரா, திருட்டுக் கொடுத்தவரா என்று பையின் சீட்டில் எழுதியிருக்காது. அடுத்த பெட்டி வேண்டாம் என்று போனில் சொல்வார்கள். ஆள் பிழைத்தாரா இல்லையா என்பது சொல்பவரின் குரலிலேயே தெரிந்துவிடும்.

ஆகவே என்ன வாங்கப் போகிறேன் என்று எனக்குத் தெரியும். ஒரு விசுவாசி இதை வாங்கலாமா என்பதுதான் தெரியாமல் இருந்தது.

கையில் காசில்லாதவனை ஆயுதம் வாங்கச் சொல்லும் இடம் ஒன்று வேதத்தில் இருக்கிறது. லூக்கா 22-ஆம் அதிகாரம். கடைசி இராப்போஜனம் முடிந்த நேரம். பட்டயம் இல்லாதவன் தன் வஸ்திரத்தை விற்றாவது ஒன்று வாங்கிக்கொள்ளட்டும் என்கிறார் இயேசு. சீஷர்கள் உடனே இரண்டை எடுத்துக் காட்டுகிறார்கள். போதும் என்கிறார். அந்த ஒரு சொல்லுக்கு எத்தனை வியாக்கியானம்! இரண்டே போதும் என்றாரா, இந்தப் பேச்சே போதும் என்றாரா? 1302-இல் போப் எட்டாம் போனிஃபேஸ் தம் ஆணையில் அந்த இரண்டு பட்டயங்களையும் ஆன்மிக அதிகாரம், உலக அதிகாரம் என்று பிரித்து இரண்டுமே திருச்சபையின் வசம் என்றார். நான் போகும் சபையில் இடுப்பில் துப்பாக்கியோடு ஆராதனைக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்த வசனம் கடைக்குப் போக அனுமதிச்சீட்டு. எனக்கு அப்படிப் படிக்க முடியவில்லை. அதே இரவில் அந்தப் பட்டயத்துக்கு என்ன நடந்தது என்பதையும் சேர்த்துத்தானே படிக்க வேண்டும்?

கெத்செமனே தோட்டம். பேதுரு தூங்கிக்கொண்டிருந்தான். தீவட்டியும் ஆயுதமுமாகக் கூட்டம் வந்து நிற்கிறது. பாதித் தூக்கத்தில் எழுந்தவன், இருட்டு, பயம், கையில் ஒரு பட்டயம். வலை வீசிப் பழகிய கை அது. வீசுகிறான். பிரதான ஆசாரியனுடைய வேலைக்காரன் மல்குஸின் வலது காது அறுந்து விழுகிறது. எஜமான் அனுப்பியதால் வந்தவன் மல்குஸ். சூழ்ச்சி செய்த யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. இந்தக் காட்சியை ஒவ்வொரு பெரிய வியாழக்கிழமையும் கேட்டிருக்கிறேன். பிளந்த கதவைப் பார்த்த பிறகுதான் இது என் வீட்டின் கதை என்று உறைத்தது. நடுராத்திரியில் எழுந்து, கண் தெளியாமல், கூடத்தில் அசையும் உருவத்தைப் பார்த்து நான் சுட்டால் அது யாராக இருக்கும்? தண்ணீர் குடிக்க எழுந்த என் பிள்ளையாக இருக்காது என்று யார் சொல்வது?

இயேசு அங்கே செய்தவை இரண்டு. பட்டயத்தை உறையிலே போடச் சொன்னார், இது யோவானில் இருக்கிறது. காதைத் தொட்டுச் சுகமாக்கினார், இது லூக்காவில் மட்டும் இருக்கிறது. வாங்கு என்று அவர் சொன்னதை வைத்து எத்தனையோ பிரசங்கம் கேட்டுவிட்டேன். உறையைப் பற்றி ஒன்றுகூடக் கேட்டதில்லை.

தற்காப்புக்குக் கொல்லலாமா என்பதில் சபையின் பெரிய போதகர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. அகஸ்டின், பப்ளிகோலா என்பவருக்கு எழுதிய கடிதத்தில், தன் உயிரைக் காப்பாற்றப் பிறனைக் கொல்வதைத் தாம் ஏற்கவில்லை என்கிறார். போர்வீரனும் பொதுக்கடமையில் இருப்பவனும் மட்டும் விலக்கு. எட்டு நூற்றாண்டுகளுக்குப் பிறகு வந்த தாமஸ் அக்வினாஸ் கொஞ்சம் இளகுகிறார். ஒரே செயலுக்கு இரண்டு விளைவு இருக்கலாம். என் நோக்கம் பிழைப்பது, எதிராளியின் சாவு அந்த நோக்கத்துக்கு வெளியே விழுவது. தேவைக்கு மேல் பலம் காட்டாதவரை அது பாவமல்ல என்கிறார். பல வருடம் இந்தப் பதில் எனக்குப் போதுமாக இருந்தது. கடையில் நின்றபோது போதவில்லை. அக்வினாஸ் சொல்வது அந்த நொடிக்குப் பொருந்துகிறது. நானோ ஒரு மாதமாக நிதானமாக விலை ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். உடம்புக்குள் போய் விரியும்படி முனை குழிந்த தோட்டா எவ்வளவு என்று விசாரித்தாயிற்று. அது விரிந்தால் உள்ளே என்ன ஆகும், எத்தனை பை இரத்தம் போகும் என்பதும் தெரியும். சாவு என் நோக்கத்துக்கு வெளியே இருக்கிறது என்று எந்த வாயால் சொல்வது? சம்மதம் என்பது சுடும்போது கொடுப்பதல்ல. பகல் வெளிச்சத்தில், கல்லாவில் கார்டை நீட்டும்போதே கொடுத்துவிடுகிறோம். அகஸ்டின் இதைத்தான் பார்த்திருப்பார் என்று இப்போது நினைக்கிறேன்.

இப்படி நினைத்தும் வாங்கினேன். என் உயிர் என்றால் அகஸ்டினோடு நின்றிருப்பேன். குளியலறைக்குள்ளிருந்து வந்த அந்த மூச்சு என் காதில் இன்னும் இருக்கிறது.

முதலில் கதவு. சட்டத்தை மாற்றி, தாழ்ப்பாள் தகட்டுக்கு 3 அங்குல ஸ்க்ரூ போட்டது தனிச் செலவு. இந்தப் பணத்தில் அதைச் சேர்க்கவில்லை. பிறகு வாடகைக்குத் துப்பாக்கி கொடுத்துச் சுட்டுப் பார்க்கவிடும் இடத்துக்குப் போனேன். கடைக்காரர் எனக்கென்று எடுத்துத் தந்தது உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு குட்டித் துப்பாக்கி. பெண்களுக்கு இதுதான் வசதி என்றார். சுட்டதும் பெருவிரல் அடியில் அறைந்தாற்போல வலி. எடை குறைந்தது அதிகமாக உதைக்கும் என்பதை அங்கே சொல்லித் தந்த வயதான அம்மாள்தான் விளக்கினார். அடுத்தது ஒரு ரிவால்வர். இயங்கும் விதம் எளிது, ஆனால் விசையை இழுக்க என் ஒற்றை விரலுக்குப் பலம் போதவில்லை. மூன்றாவது, நடுத்தர அளவில் 9 மில்லிமீட்டர் பிஸ்டல். கனமாக இருந்தது. கனம்தான் அதிர்வை வாங்கிக்கொண்டது. வெளியே தெறித்த காலித் தோட்டா ஒன்று என் முழங்கை மடிப்பில் விழுந்து சுட்டது. அரிசி அளவுக்குச் சிவந்த தடம் இரண்டு நாள் இருந்தது.

அதே அளவில் பழையது ஒன்று 280 டாலருக்குக் கிடைத்தது. வரியோடு 303. வாங்குமுன் 4473 என்ற எண்ணுள்ள அரசாங்கப் படிவத்தை நிரப்ப வேண்டும். பச்சை அட்டை இருப்பதால் எனக்குத் தடையில்லை. ஆம், இல்லை என்று பதில் எழுதும் கேள்விகளில் முதலாவது, இதை உண்மையில் வாங்குவது நீங்கள்தானா என்பது. மற்றவருக்காகத் தன் பெயரில் வாங்கித் தருவதைத் தடுக்க வைத்த கேள்வி. ஆனால் பேனாவோடு அங்கே நின்றுவிட்டேன். வாங்குவது நானா, என் பயமா? நான் வீட்டில் இல்லாத இரவில் நடந்ததற்கு இந்தத் துப்பாக்கி என்ன உதவி செய்திருக்கும்? ஒன்றும் இல்லை. பூட்டிய பெட்டிக்குள் அது கிடந்திருக்கும், அவன் அப்படியேதான் மூச்சை அடக்கிக்கொண்டிருந்திருப்பான். உண்மையான பரிகாரம் பகல் ஷிப்டுக்கு மாறியது. அதை மே மாதமே செய்துவிட்டேன். ஆக, படிவத்தில் ஆம் என்று எழுதினேன். அந்த ஆம் முக்கால்வாசிதான் உண்மை. கடைக்காரர் கணினியில் சரிபார்க்க எடுத்துக்கொண்டது சில நிமிடங்கள்.

அம்மாவிடம் போனில் சொன்னேன். திட்டுவாள், அழுவாள், ஜெபம் பண்ணுவாள் என்று எதிர்பார்த்தேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “ஏ பிள்ள, அத எங்க வைப்ப?” என்றாள்.

எங்கள் தாத்தாவின் அருவாள் எனக்கு ஞாபகம் வந்தது. தேங்காய் வெட்டவும் முள் கழிக்கவும் வைத்திருந்தது. தோட்டத்திலிருந்து வந்ததும் சாக்கில் துடைத்து, இறவாணத்தில் செருகிவிட்டுத்தான் கால் கழுவுவார். கோபம் வந்தால் ஊரே அருவாளைப் பேச்சுக்கு இழுக்கும் சீமை அது. அவர் வாயில் ஒருநாளும் அந்தச் சொல் வந்ததில்லை. பேரப்பிள்ளைகள் எட்டாத உயரத்தில் அது இருந்தது. வேண்டுமென்றால் அவரே முக்காலி போட்டுத்தான் எடுக்க வேண்டும். அம்மா கேட்டது அந்த முக்காலியைப் பற்றி.

மருத்துவமனையில் வேலை பார்ப்பதால் இன்னொன்றும் எனக்குத் தெரியும். 2022-இல் இந்த நாட்டில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,000 பேருக்கு மேல். அதில் ஏறத்தாழ 27,000 பேர் தங்களைத் தாங்களே சுட்டுக்கொண்டவர்கள். அப்பாவை இழந்தபின் என் மகன் சில நாள் விளக்கைப் போடாமலே அறையில் உட்கார்ந்திருப்பான். கேட்டால் தலைவலி என்பான். கதவை உதைத்து வருகிறவனைவிட, அந்த இருட்டுதான் இந்த வீட்டில் எனக்குப் பெரிய பயம். 17 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை கையில் கிடைக்கும்படி, எடுத்தால் சுடும் நிலையில் துப்பாக்கியைப் போட்டு வைப்பது டெக்சஸில் குற்றம். சட்டம் சொல்லாவிட்டாலும் என் வேதம் அதைச் சொல்கிறது. உறையிலே போட வேண்டியது மல்குஸ் வரும் இரவில் மட்டுமல்ல.

துப்பாக்கியோடு கடையில் ஒரு கம்பிப் பூட்டு தந்தார்கள். அது போதும் என்றார் கடைக்காரர். பெட்டி வைத்தால் திறக்கிற நொடிகளில் காரியம் கெட்டுவிடும் என்றும் சொன்னார். 55 டாலர் கொடுத்துப் பெட்டி வாங்கினேன். அந்த நொடிகள் வேண்டுமென்றேதான் வாங்கினேன். விழித்துக்கொள்ள, விளக்கைப் போட, மகன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பதில் வருகிறதா என்று கேட்க அவை எனக்கு வேண்டும். பேதுருவுக்கு அவை இல்லை. தோட்டா 200-க்கு 60 டாலர், காதுக்கும் கண்ணுக்கும் போடும் காப்புகளுக்கு 30. மீதியை, சுடும் இடத்தில் சொல்லித் தந்த அந்த அம்மாளிடம் பாடம் கற்கக் கொடுத்தேன்.

பெட்டியைக் கட்டிலுக்கடியில் இரும்புச் சட்டத்தோடு முறுக்கி மாட்டினேன். 4 பொத்தான்கள். எந்த வரிசையில் அழுத்துவது என்று நானே வைத்துக்கொள்ளலாம். மகனிடம் மறைக்கவில்லை. சாப்பாட்டு மேசையில் வைத்து, காலியென்று காட்டி, ஏன் வாங்கினேன் என்றும் சொன்னேன். தொட்டுப் பார்த்தான். “நம்பர் என்னம்மா?” என்று கேட்டான். சொல்ல மாட்டேன் என்றேன். தலையாட்டிவிட்டு அறைக்குப் போனான். கதவைச் சாத்தவில்லை. எனக்காகத்தான் திறந்து வைத்தானா, தெரியாது.

அன்றிரவு கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பொத்தான்களைப் பத்து முறை அழுத்திப் பழகினேன். அவன் பிறந்தநாளும் அல்ல, அவன் அப்பா போன நாளும் அல்ல. இரண்டும் அவனுக்குத் தெரியும்.