யாருக்குத் தெரியப் போகுது?

அக்கா பையன் ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்கு வந்தால் இரண்டே காரணம்தான். அக்கா ஏதாவது செய்து கொடுத்தனுப்பியிருப்பாள். இல்லாவிட்டால் அவனுக்குப் பணம் வேண்டியிருக்கும். போன மாதம் வந்தபோது கையில் டிபன் கேரியர் இல்லை.

"மாமா, புதுசு வாங்கலாமா, பழசையே வச்சு ஓட்டலாமா? நீங்கதான் பி.காம். ஆச்சே, கணக்குப் போட்டுச் சொல்லுங்க" என்றான்.

பையனுக்குப் பகலில் ஒரு ஆபீஸில் வேலை. முகூர்த்த நாள் சாயங்காலங்களில் ரிசப்ஷன் டி.ஜே. அவன் சொன்ன பழசு, 2018-ல் வந்த பயனியர் டி.டி.ஜே.-400 என்கிற கன்ட்ரோலர். புதுசு, 2022 கடைசியில் அறிவிக்கப்பட்ட டி.டி.ஜே.-எஃப்.எல்.எக்ஸ்.4. இரண்டுமே இரண்டு கிலோ சொச்சம்தான். தோள்பையில் அடங்கிவிடும். லேப்டாப்பில் செருகினால் கரன்ட்டையும் அதிலிருந்தே எடுத்துக்கொள்ளும்.

டி.ஜே. என்றாலே காதைப் பொத்திக்கொள்கிறவரா நீங்கள்? நானும் அந்தக் கட்சிதான். அவனிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு கொஞ்சம் மரியாதை வந்திருக்கிறது. 1972-ல் ஜப்பானில் டெக்னிக்ஸ் எஸ்.எல்.-1200 என்று ஒரு ரெக்கார்டு பிளேயர் வந்தது. வீட்டில் சாவகாசமாக உட்கார்ந்து பாட்டுக் கேட்கிறவர்களுக்காகச் செய்தது. டி.ஜே.க்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அதே காலத்தில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் கூல் ஹெர்க் என்ற இளைஞர், ஒரே இசைத்தட்டில் இரண்டு பிரதி வைத்துக்கொண்டு, தாளம் மட்டும் வரும் இடத்தை மாற்றி மாற்றி ஓடவிட்டு ஜனங்களை ஆட வைத்தார். 1979-ல் வந்த அடுத்த எஸ்.எல்.-1200 பன்னிரண்டு கிலோவுக்கு மேல். டி.ஜே.க்கு அதில் ரெண்டு வேணும். நடுவில் ஒரு மிக்ஸர் வேணும். தட்டுப் பெட்டி தனி. தூக்கிக்கொண்டு மூன்றாவது மாடி ஏறிப் பாருங்கள், தெரியும்.

எடையை விட வித்தை பெரிது. ஒரு பாட்டு கூட்டத்துக்கு ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த பாட்டை ஹெட்போனில் ஒரு காதால் கேட்க வேண்டும். அதன் வேகத்தை ஒரு தள்ளு விசையால் இழையாகக் கூட்டிக் குறைத்து, இரண்டு தாளமும் ஒன்றன்மேல் ஒன்று உட்காரும்படி செய்ய வேண்டும். இம்மி தவறினால், குதிரை நொண்டுவது போலக் கேட்கும். ஆடுகிறவன் கால் நின்றுவிடும்.

புதிய மெஷினில் இந்தப் பாடே வேண்டாம். ஸ்மார்ட் ஃபேடர் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். ஃபேடரைத் தள்ளினால் போதும், சத்தம், பேஸ், வேகம் மூன்றையும் அதுவே சரிக்கட்டி அடுத்த பாட்டுக்குக் கொண்டுபோய் விட்டுவிடும். போனிலேயே புளூடூத்தில் இணைத்துக்கொள்ளலாம், லேப்டாப்கூட வேண்டாம். விலை முப்பதாயிரத்தைத் தாண்டுகிறது.

"நல்லதுதானேடா?"

"நல்லதுதான். ஆனா, அப்புறம் நான் எதுக்கு அங்க நிக்கறேன்?"

அப்போது நான் சொன்னதைத்தான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். "ஆடறவனுக்குப் பாட்டு வந்தா சரி. நீ பண்ணினா என்ன, மெஷின் பண்ணினா என்ன? யாருக்குத் தெரியப் போகுது?"

சொல்லிவிட்டேனே தவிர, எனக்கே உறுத்தியது. யாருக்கும் தெரியாது என்பதால் ஒரு வேலையின் மதிப்பு மாறுமா? நான் காமர்ஸ் படித்தபோது ட்ரையல் பேலன்ஸைக் கையால் போட வைத்தார்கள். டெபிட்டும் கிரெடிட்டும் சேராமல் ராத்திரி பத்து மணி வரை மாரடித்திருக்கிறேன். வித்தியாசத்தை ஒன்பதால் வகுத்துப் பார் என்பார் புரொபசர். மீதியில்லாமல் வகுபட்டால், எங்கேயோ 54 என்பதை 45 என்று இடம் மாற்றி எழுதியிருக்க வாய்ப்புண்டு. இன்றைக்குக் கம்ப்யூட்டர் சேராத கணக்கை உள்ளேயே விடாது. அது பெரிய சௌகரியம், மறுக்கவில்லை. ஆனால் வாடகையைக் கொண்டுபோய் சம்பளக் கணக்கில் போட்டால் மெஷின் வாயைத் திறக்காது. இரண்டு பக்கமும் கச்சிதமாகச் சேரும், கணக்கு தப்பாக இருக்கும். அதை முகர்ந்து பிடிக்கிற மூக்கு, அந்தப் பத்து மணி ராத்திரிகளில் வந்ததுதான்.

பையனிடம் இதைச் சொன்னேன். அவன் உடனே, "எங்களுக்கும் அப்படி ஒண்ணு இருக்கு மாமா" என்றான். ரிசப்ஷனில் இளசுகள் ஆடி முடித்ததும் பெரியவர்கள் வந்து எழுபது, எண்பதுகளின் பாட்டுக் கேட்பார்களாம். அதெல்லாம் மனுஷர்கள் கூடி உட்கார்ந்து வாசித்துப் பதிவானவை. தபேலாக்காரர் கை கடிகாரம் அல்லவே? பல்லவியில் ஒரு இழை நிதானமாகவும் சரணத்தில் ஒரு இழை வேகமாகவும் போகும். ஒரே சீரான தாளத்தை எதிர்பார்க்கிற சாஃப்ட்வேர் அங்கே திணறும். திரையில் எல்லாம் நேர்க்கோட்டில் இருக்கும், காதில் நொண்டும். "அங்கதான் மாமா காது வேணும்" என்றபோது அவன் முகத்தில் ஒரு பெருமை.

பெருமையை ரொம்ப நேரம் விட்டுவைக்கவில்லை. "உன் பழைய மெஷின்ல தாளத்தைத் தானா சேர்க்கிற பட்டன் கிடையாதா?" என்றேன். இருக்கிறதாம். சிங்க் என்று பெயராம். அவசரத்துக்கு அமுக்குவானாம். ஆக, இசைத்தட்டு சுற்றியவர்களுக்கு இவனே சோம்பேறி. அந்த இசைத்தட்டுக்காரர்களைப் பார்த்து, வயலின் தோளில் வைத்தவர் என்ன சொல்லியிருப்பார்? வித்தைக்கும் மோசடிக்கும் நடுவில் கோடு கிழிக்கிற எல்லோரும், தான் நிற்கிற இடத்துக்கு ஒரு அடி தள்ளித்தான் கிழிக்கிறோம். நான் உட்பட. கால்குலேட்டர் இல்லாமல் என்னைக் கூட்டச் சொல்லாதீர்கள்.

சரி, பழசே போதும் என்று சொல்லியிருப்பேன். அப்போதுதான் ரோஸ்மில்க் விஷயம் வெளியே வந்தது. நாலு மாதம் முன்னால் ஒரு மண்டபத்தில் ஏதோ குழந்தை டம்ளரை மெஷின் மேலேயே கவிழ்த்துவிட்டதாம். துடைத்து, காயவைத்து ஓட்டுகிறான். ஆனால் ஒரு ஃபேடரைத் தள்ளினால் சில சமயம் கரகரவென்கிறது, சில சமயம் சத்தம் அப்படியே நின்றுபோகிறது. பெண்ணும் மாப்பிள்ளையும் மேடைக்கு நடந்து வரும்போது அது நின்றால்? அவர்களுக்கு அந்த நடை வாழ்க்கையில் ஒரே தரம்தான். இவனுடைய காது, கலை, மனசாட்சி எல்லாம் இவன் சொந்த விஷயம். அட்வான்ஸ் வாங்கின கல்யாணம் இவன் சொந்த விஷயம் இல்லை.

"புதுசு வாங்கிடு. பாதி நான் தரேன். அந்த ஸ்மார்ட் சமாசாரத்தைத் தொடறதும் தொடாததும் உன் இஷ்டம்" என்றேன்.

"பாதி போதும் மாமா. பழசைப் பதினஞ்சுக்குக் கேட்டிருக்கான் ஒரு காலேஜ் பையன். கத்துக்கறதுக்கு."

"ரோஸ்மில்க் பத்திச் சொன்னியா?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சிரித்துக்கொண்டே, "எப்பவாவதுதான் வருது மாமா. யாருக்குத் தெரியப் போகுது?" என்றான்.

என் வாக்கியம். ஒரு எழுத்து மாறாமல். அரை மணி முன்னால் நான் கொடுத்ததைத்தான் திருப்பிக் கொடுத்தான். அட்வைஸ் பண்ண வாயைத் திறந்தேன், வரவில்லை. காபி கலக்கிற சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

புதன்கிழமை ராத்திரி போன் பண்ணினான். அந்தக் காலேஜ் பையன் வந்து பார்த்தானாம். எல்லாம் சுத்தமாக ஓடியதாம், கரகரப்பு வரவே இல்லையாம்.

"பேசாம குடுத்துட்டியா?"

"இல்ல மாமா. நானே வேகமா நாலு தடவை தள்ளி அதை வரவழைச்சுக் காட்டினேன். ஒன்பதாயிரத்துக்கு எடுத்துக்கிட்டான்."

"அப்ப ஆறாயிரம் இடிக்குமே?"

"அதுக்குத்தான் மாமா போன் பண்ணினேன்."