பொது இடத்தில் நாயும் நம் அகிம்சையும்

நாய் கடைக்குள் வரலாமா, மருத்துவமனைத் தாழ்வாரத்தில் படுக்கலாமா, பேருந்து நிலையத்தில் திரியலாமா என்னும் வினா நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை சென்றுவிட்டது. 2025 ஆகஸ்டு 11 அன்று இருவர் அமர்வு, தில்லித் தலைநகர்ப் பகுதியின் தெருநாய்களைப் பிடித்துக் காப்பகங்களில் அடைக்க ஆணையிட்டது. பதினொரு நாள் கழித்து மூவர் அமர்வு அதனைத் திருத்தி, கருத்தடையும் தடுப்பூசியும் செய்தபின் பிடித்த இடத்திலேயே விடவேண்டும், வெறிநோய் உடையவையும் மூர்க்கமானவையும் மட்டும் விலக்கு என்றது. பின்னர் நவம்பர் 7 அன்று, பள்ளி, மருத்துவமனை, விளையாட்டு வளாகம், பேருந்து நிலையம், இரயில் நிலையம் ஆகிய இடங்களில் பிடிக்கப்படும் நாய்களை மீண்டும் அங்கே விடலாகாது என்று நாடு முழுமைக்கும் உத்தரவிட்டது.

இச்செய்தி வந்தபோது நம்மவர் பலர், "நாம் அகிம்சை விரதிகள், ஆகவே நாயின் பக்கமே நிற்கவேண்டும்" என்றனர். அவ்விடை எனக்கு அத்துணை எளிதாகப் படவில்லை. வெறிநோயின் அறிகுறி தோன்றிய பின் மனிதர் பிழைப்பது அரிதினும் அரிது. உலகில் அந்நோயால் இறப்போருள் ஏறத்தாழ 36 விழுக்காட்டினர் இந்தியர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஐயத்திற்குரிய விலங்குகளிடம் கடிபடுவோரில் பத்துக்கு நால்வர் பதினைந்து வயதுக்குட்பட்ட சிறுவர். நம் ஆகமம் நாயை மனத்தோடு கூடிய ஐம்பொறி உயிர்களுள் வைக்கிறது. பள்ளி வாயிலில் கடிபடும் குழந்தையும் அவ்வகை உயிரே. ஒன்றன் பக்கம் நின்று மற்றொன்றை மறப்பதற்கு விரதம் என்று பெயரில்லை.

தத்துவார்த்த சூத்திரம் இம்சையை வரையறுக்குமிடத்து, பிரமாதத்தோடு கூடிய செயலால் உயிர்க்கு ஊறு விளைத்தல் என்கிறது. பேச்சுவழக்கில் "பிரமாதம்!" என்று பாராட்டுகிறோமே, அதே சொல்தான், மூலத்தில் அதன் பொருள் கவனக்குறைவு, அசட்டை. மண்டபத்து எச்சில் இலைகளைத் தெருமுனையில் கொட்டுவதும், இறைச்சிக் கடைக் கழிவை நகராட்சி அள்ளாது விடுவதும் பிரமாதமே. அக்குப்பையில்தான் நாய்க்கூட்டம் பெருகுகிறது. பெருகியபின் நாய் மேல் பழி போடுகிறோம்.

இவ்வழக்கு நமக்குப் புதிதன்று. 1926-இல் அகமதாபாத்தில், சமணக் குடும்பத்தவரான ஆலை அதிபர் அம்பாலால் சாராபாய், தம் ஆலை வளாகத்தில் திரிந்த அறுபது நாய்களைக் கொல்லச் செய்தார். காந்தியடிகள் அச்செயலை ஆதரித்து "யங் இந்தியா"வில் தொடர்ந்து எழுதினார். சினம் கொண்டு அவருக்குக் கடிதம் எழுதியோருள் நம் சமயத்தார் பலர். கொலையை ஏற்க நம்மால் இயலாது. அன்றைய சமணர் சினம் நியாயமானதே. ஆயின் காந்தியடிகள் கூறிய மற்றொன்றை நாம் வசதியாக மறந்துவிட்டோம். உரிமையாளர் இல்லாத நாய் தெருவில் திரிவது நாய்க்கு இழிவன்று, அச்சமூகத்திற்கே இழிவு என்றும், பொறுப்பை ஏற்காமல் ஒரு கவளம் வீசுவது ஜீவகாருண்யம் ஆகாது என்றும் அவர் வாதிட்டார். இதற்கு மறுமொழி கூற நான் பன்முறை முயன்றும் சொல் கிடைக்கவில்லை.

இனிக் காப்பகத்திற்கு வருவோம். இல்லறத்தாரின் கொல்லாமை விரதத்திற்கு ஐந்து அதிசாரங்கள் கூறப்பட்டுள்ளன: கட்டிவைத்தல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகுபாரம் ஏற்றல், உணவும் நீரும் மறுத்தல். பொது இடத்திலிருந்து நாயை அகற்றலாம். ஆனால் அகற்றிக் கொண்டுபோய் நெருக்கியடைத்து, நீரின்றி விடுவோமாயின், ஐந்தில் இரண்டைக் கண்மறைவில் செய்தவராவோம். ஆகையால் பள்ளிக்கு வேலி போடக் கோரும் பெற்றோர், காப்பகத்தின் தீவனச் செலவையும் கேட்டறிய வேண்டும்.

கருத்தடை செய்த நாய்க்கு அடையாளமாகக் காது நுனியைச் சிறிது நறுக்குகிறார்கள். இது உறுப்பறுத்தல் ஆகாதா என்று ஒரு சகோதரி வினவினார். மயக்கத்தில் செய்யப்படுவது, அதனால் பிறவாது போகும் குட்டிகள் சக்கரத்தில் நசுங்குவதும் இல்லை. ஆயினும் ஊறு ஊறே. நாம் ஏற்றது அணுவிரதம், முனிவர்க்குரிய மகாவிரதம் அன்று. குறைந்த ஊற்றைத் தேர்ந்து செய்யலாம். அதற்குப் புண்ணியம் என்று பெயரிட வேண்டா.

கடைகளைப் பற்றியும் சொல்லவேண்டும். திறந்த அரிசியும் பருப்பும் உள்ள இடத்தில் விலங்கு நடமாடலாகாது என்பது உணவுப் பாதுகாப்பு விதி, அது சரியே. (பார்வையற்றோர்க்கு வழிகாட்டும் நாயைக் கடைக்குள் விட அமெரிக்கச் சட்டம் வகை செய்வது வேறு பேச்சு.) ஆனால் தூய்மை ஒன்று, அருவருப்பு மற்றொன்று. சீவகசிந்தாமணியில் அந்தணர்தம் சோற்றைத் தீண்டியது என்பதற்காக நாயொன்று சாகும்படி அடிபடுகிறது. சீவகன் அதன் செவியில் பஞ்சமந்திரத்தை ஓதுகிறான். அது சுதஞ்சணன் என்னும் இயக்கனாகிறது. சோற்றைக் காப்பதற்கு அவ்வளவு அடி வேண்டியிருந்ததா? சமவசரணத்திலோ பன்னிரு கோட்டங்களுள் ஒன்று விலங்குகளுக்கே உரியது. தேவர் கோட்டத்தில் அவை அமரவில்லை; வெளியே துரத்தப்படவும் இல்லை. தமக்கென ஓரிடத்தில் இருந்து கேட்டன.

எங்கள் தெரு மளிகைக்காரர் கடை முகப்பில் இடுப்பளவுத் தட்டிக்கதவு போட்டிருக்கிறார். பக்கத்து வேப்பமர நிழலில் ஒரு கல்தொட்டியில் தண்ணீர். அங்கே கிடக்கும் இரண்டு நாய்களையும் ஆண்டுதோறும் ஆட்டோவில் ஏற்றிக் கால்நடை மருந்தகத்திற்குக் கொண்டுசென்று ஊசி போட்டு வருகிறார். நாய்க்கு வீச பிஸ்கட்டு வாங்குவோரிடம் அச்செலவுக்குப் பங்கு கேட்கிறார். பாதிப்பேர் அதன்பின் பிஸ்கட்டு வாங்குவதில்லை, மீதிப்பேர் கொடுக்கிறார்கள்.