நாற்பத்தோராயிரம் பேரின் கடன்

2015 ஜனவரி 25 ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிளாஸ்கோ நகரின் ஐப்ரொக்ஸ் மைதானத்தில் ஏறத்தாழ நாற்பத்தோராயிரம் பேர் டிக்கட் வாங்கிக்கொண்டு வந்து அமர்ந்திருந்தார்கள். அன்று எந்தக் கிண்ணத்துக்கும் போட்டியில்லை. வென்றவருக்குப் புள்ளியுமில்லை. வயிறு பருத்துத் தலை நரைக்கத் தொடங்கிய பழைய ஆட்டக்காரர்கள் பலர் மூச்சு வாங்க ஓடினார்கள். அதைப் பார்க்கத்தான் அந்தக் குளிரில் இத்தனை சனம்.

அவர்களின் கழகமாகிய ரேஞ்சர்ஸ் அப்போது இருந்த நிலையையும் சொல்ல வேண்டும். 2012இல் கடனில் மூழ்கி, அதனை நடத்திவந்த கம்பனி கலைக்கப்பட்டு, நாலாம் தரத்திலிருந்து மீண்டும் தொடங்கி, 2015இல் இரண்டாம் தரத்தில் தத்தளித்துக்கொண்டிருந்தது. நிர்வாகத்தின் மீது கொண்ட கோபத்தில் ரசிகர்களில் கணிசமானோர் பருவகால டிக்கட் வாங்குவதையே நிறுத்தியிருந்தார்கள். கழகத்துக்குக் கொடுக்க மனமில்லாதவர்கள் ஒரு மனிதனுக்குக் கொடுக்க வந்தார்கள். அன்று சேர்ந்த தொகை சுமார் 320,000 பவுண்.

அந்த மனிதன் பெர்னாண்டோ ரிக்சன். நெதர்லாந்துக்காரர். 2000ஆம் ஆண்டு ரேஞ்சர்ஸில் சேர்ந்தார். அதே ஆண்டு ஓகஸ்ட்டில் பரம வைரியான செல்டிக்கிடம் ரேஞ்சர்ஸ் 6-2 எனத் தோற்ற நாளில், தன்னால் சமாளிக்க முடியாத ஒரு ஆட்டக்காரனின் பின்னால் ஓடி ஓடி, முதற்பாதி முடியுமுன்னரே வெளியே அழைக்கப்பட்டவர். அப்படித் தொடங்கியவர்தான் 2005இல் அணித்தலைவராக நின்று லீக் பட்டத்தைத் தூக்கினார். அவ்வாண்டு ஸ்கொட்லாந்தின் ஆட்டக்காரர்கள் தமக்குள் வாக்களித்துத் தெரிந்தெடுக்கும் சிறந்த வீரர் விருதைச் செல்டிக்கின் ஜோன் ஹார்ட்சனுடன் பகிர்ந்துகொண்டார். அடுத்த ஆண்டே, அணி தென்னாபிரிக்காவுக்குப் பறந்த விமானத்தில் குடிபோதையில் நடந்துகொண்ட விதத்தால் கழகத்தை விட்டுப் போக நேர்ந்தது. முரடன், குடிகாரன், இரவு விடுதிகளில் வம்பு வளர்ப்பவன் என்று பத்திரிகைகள் எழுதின. அவரும் அதையெல்லாம் பெரிதாக மறுக்கவில்லை. தன் சுயசரிதையில் தானே எழுதினார்.

2013 ஒக்டோபரில், அந்தச் சுயசரிதை வெளிவந்ததையொட்டி நெதர்லாந்துத் தொலைக்காட்சியொன்றில் தோன்றியபோது அவரது நா குழறியது. அவரது பழைய கதை தெரிந்த எவனுக்கும் அந்தக் கணத்தில் என்ன தோன்றியிருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் அது குடியல்ல. மோட்டோர் நியூரோன் நோய். மூளையின் கட்டளையைத் தசைகளுக்குக் கொண்டுசெல்லும் நரம்புக் கலங்கள் சிறிது சிறிதாக இறந்துபோகும் நோய். கை போகும், கால் போகும், பேச்சுப் போகும், விழுங்குவது போகும், ஈற்றில் மூச்சு. பெரும்பாலானோருக்கு அறிவு மட்டும் கடைசிவரை தெளிவாக நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும். மாற்று மருந்து அன்றும் இல்லை, இன்றும் இல்லை. அப்போது அவருக்கு வயது 37.

இந்த ஆட்டத்தின் ஒளிப்பதிவை நான் பிந்தித்தான் பார்த்தேன். உதைபந்தாட்டத்தில் எனக்குப் பெரிய ஞானமொன்றும் கிடையாது. என்னைப் பிடித்துக்கொண்டது ஆட்டமல்ல, ஒரு நண்பர் கேட்ட கேள்வி. "அதே நகரத்தில் அதே நோயோடு ஒரு பஸ் சாரதி படுத்திருந்தால் எத்தனை பேர் வந்திருப்பார்கள்?" என்றார். அவர் குதர்க்கமாகக் கேட்டார் என்று தள்ளிவிட முடியவில்லை.

வந்திருக்க மாட்டார்கள் என்பதே நேர்மையான பதில். மோட்டோர் நியூரோன் நோய் பந்தடித்தவனையும் பஸ் ஓட்டியவனையும் ஒரே மாதிரித்தான் தின்கிறது. தேவை சமமாக இருக்கையில் கை ஒரு பக்கம் மட்டும் நீளுமானால் அது அறமா, அபிமானமா? அறத்தைக் கணக்காக வைத்துப் பேசுகிற தத்துவக்காரர்கள் இதற்கு ஒரு விடை வைத்திருக்கிறார்கள். ஒரு பவுண் எங்கே அதிகம் பேரைக் காப்பாற்றுமோ அங்கே கொடு, முகத்தைப் பார்க்காதே என்பார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் முகத்தைப் பார்க்காமல் கொடுக்கத் தெரிந்தவர்கள் உலகில் மிகச் சிலர். மற்றவர்களுக்கெல்லாம் இரக்கம் அறிமுகத்தின் வழியாகத்தான் வருகிறது. அயல்வீட்டுக்காரனுக்குக் கஞ்சி கொண்டுபோகிறவனிடம், அடுத்த ஊரில் இதைவிடப் பசித்தவன் இருக்கிறானே என்று கேட்பது தர்க்கப்படி சரி. கேட்டவன் அந்த அடுத்த ஊருக்குப் போனானா என்பது வேறு விடயம். ஐப்ரொக்ஸில் சேர்ந்த பணத்தில் ஒரு பங்கு ஸ்கொட்லாந்தில் இந்நோயாளருக்காக இயங்கும் தொண்டு நிறுவனத்துக்கும் போனது. முகம் தெரிந்தவனின் வழியாக முகம் தெரியாதவர்களுக்கும் அங்கே கொஞ்சம் கிடைத்தது. அந்தப் பஸ் சாரதியும் அவர்களில் ஒருவனாக இருந்திருக்கலாம்.

ஆகவே நண்பரின் கேள்வி என்னை அதிகம் உறுத்தவில்லை. தகுதி பற்றிய கேள்விதான் அதைவிடச் சங்கடமானது. உழைத்த பணத்தைக் குடித்தழித்தவனுக்கு நான் ஏன் கொடுக்க வேண்டும்? பிறேசிலின் கரிஞ்சாவுக்காக 1973 டிசெம்பரில் மரக்கானா மைதானத்தில் ஓர் ஆட்டம் நடத்தினார்கள். 1958, 1962 ஆகிய இரு உலகக் கிண்ணங்களையும் பிறேசிலுக்கு வென்று கொடுத்தவர்களில் முதன்மையானவர் அவர். மதுவும் கடனும் அவரை உருக்குலைத்திருந்தன. ஒரு இலட்சத்து முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் வந்தார்கள். 'நன்றியின் ஆட்டம்' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். பத்து வருடம் கூட முழுதாக ஆகவில்லை, 1983 ஜனவரியில் மது தின்ற ஈரலோடு 49 வயதில் அவர் இறந்துபோனார். அந்தப் பணம் வீண் என்று சொல்லலாமா? கொடுத்தது அவரைத் திருத்துவதற்கென்றால் வீண்தான். ஆனால் அப்பெயரைக் கவனியுங்கள். இரக்கத்தின் ஆட்டம் என்று அவர்கள் சொல்லவில்லை. நாம் நன்றியையே 'நன்றிக்கடன்' என்கிறோம். கடனைத் திருப்பிக் கொடுக்கிறவன், வாங்குகிறவன் அதை என்ன செய்வான் என்று விசாரிப்பதில்லை.

இங்கேதான் எனக்கு விடயம் வேறு பக்கமாகத் திரும்புகிறது. எங்கள் பேச்சில் 'ஹக்கு' என்றொரு சொல் புழங்குகிறது. ஒருவனுக்குச் சேர வேண்டியது, மற்றவன் கையில் இருந்தாலும் அவனுடையதே ஆனது. தர்மமாகக் கொடுப்பதற்கும் ஹக்கைக் கொடுப்பதற்கும் உள்ள தூரம் பெரிது. முன்னதில் கொடுத்தவன் உயர்கிறான். பின்னதில் கொடுக்கும்வரை அவன் கடன்காரன். ஐப்ரொக்ஸில் நடந்தது இவ்விரண்டில் எது?

ரிக்சன் 2019 செப்டெம்பர் 18 அன்று, ஸ்கொட்லாந்தில் எயார்ட்ரி நகரின் ஒரு பராமரிப்பு இல்லத்தில், 43 வயதில் இறந்தார். ஏறத்தாழ ஒரு மாதத்தின் பின், ஒக்டோபரில், அதே கிளாஸ்கோவின் பல்கலைக்கழகம் ஓர் ஆய்வை வெளியிட்டது. 1900க்கும் 1976க்கும் இடையில் பிறந்த ஸ்கொட்லாந்தின் 7,676 முன்னாள் தொழில்முறை ஆட்டக்காரர்களின் மரணப் பதிவுகளை, ஆட்டக்காரரல்லாத சுமார் 23,000 பேரின் பதிவுகளோடு ஒப்பிட்டிருந்தார்கள். இதயநோயாலும் நுரையீரற் புற்றுநோயாலும் ஆட்டக்காரர்கள் குறைவாகவே இறந்திருந்தார்கள். மூளை, நரம்புச் சிதைவு நோய்களால் மட்டும் ஏறத்தாழ மூன்றரை மடங்கு அதிகமாக இறந்திருந்தார்கள். மோட்டோர் நியூரோன் நோயை மட்டும் எடுத்தால் நான்கு மடங்கு. 2021இல் அதே ஆய்வாளர்கள் தொடர்ந்து பார்த்தபோது, பந்தை அரிதாகவே தலையால் தொடும் கோல்காப்பாளர்களுக்கு இந்த ஆபத்து மற்றவர்களைவிடக் கூடவில்லை என்பதும், தலையால் மோதி மோதித் தடுக்கும் பின்வரிசைக்காரர்களுக்கே அது மிகக் கூடியது என்பதும் தெரிந்தது.

ரிக்சனின் நோய்க்குப் பந்துதான் காரணம் என்று இதை வைத்து நான் சொல்ல மாட்டேன். எவராலும் சொல்ல முடியாது. கூட்டத்தைப் பற்றிய கணக்கு தனிமனிதனின் உடலுக்குள் இறங்கிப் பேசாது. ஆனால் கூட்டத்தைப் பற்றி அது பேசிவிட்டது.

அதற்கு வெகுகாலம் முன்பே இங்கிலாந்தில் ஒருவரைப் பற்றிப் பேசியுமிருந்தார்கள். ஜெஃப் அஸ்டில், வெஸ்ட் புரொம்விச் அல்பியனின் முன்வரிசைக்காரர், தலையால் கோல் அடிப்பதில் பேர்போனவர். ஆட்டத்தை விட்டபின் கட்டிடங்களின் யன்னல்களைத் துடைக்கும் தொழில் செய்தார். தான் மூலைகளைத் தவறவிடுவதில்லை என்று ஆட்டத்தையும் தொழிலையும் சேர்த்துத் தன் வாகனத்தில் எழுதி வைத்திருந்தவர். அவ்வளவு குதூகலமான மனிதர் ஐம்பதுகளிலேயே நினைவு தடுமாறி, 2002 ஜனவரியில் 59 வயதில் இறந்தார். அவ்வாண்டு நவம்பரில் மரண விசாரணை அதிகாரி கொடுத்த தீர்ப்பு: தொழில்சார் நோய். சுரங்கத்தில் தூசி சுவாசித்தவனுக்கு எழுதும் அதே வார்த்தை. அப்படியானால் தொழில் கொடுத்தவன் பொறுப்பு என்பதுதானே அடுத்த வரி? அந்த வரியை எழுத உதைபந்தாட்ட உலகம் இருபது வருடங்களுக்கு மேல் எடுத்துக்கொண்டது, முழுதாக இன்னும் எழுதவில்லை. 2023 செப்டெம்பரில் இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கும் ஆட்டக்காரர் சங்கமும் சேர்ந்து மறதிநோயால் வாடும் முன்னாள் வீரர்களின் குடும்பங்களுக்கென ஒரு நிதியத்தைத் தொடங்கின. ஆரம்பத் தொகை ஒரு மில்லியன் பவுண். அதே ஆண்டு டிசெம்பரில் அந்த லீக் விற்ற நான்கு பருவங்களுக்கான உள்நாட்டு ஒளிபரப்பு உரிமையின் விலை 6.7 பில்லியன் பவுண். இதற்குமேல் நான் ஒன்றும் சொல்லத் தேவையில்லை.

இந்த வெளிச்சத்தில் பார்த்தால் ரசிகர்களின் உண்டியல் சிக்கலானது. கடன்பட்டவன் ஒருவனாக இருக்க, கப்பல் பட்டறையிலும் கடையிலும் வேலை பார்ப்பவன் தன் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுக்கிறான். கொடுத்துக் கண்கலங்கி வீடு போகிறான். கடன்காரனும் கைதட்டிவிட்டுப் போகிறான். தர்மம் பெருகப் பெருக ஹக்கைப் பற்றிய பேச்சு மெலிகிறது. ஏழையின் ஈகை பணக்காரனுக்கு எவ்வளவு வசதியானது என்பதை நாம் உதைபந்தாட்டத்தில் மட்டும் பார்க்கவில்லை.

அதற்காக, கொடுக்க வேண்டியவன் கொடுக்கும்வரை காத்திருப்போம் என்று சொல்ல முடியுமா? நோய் தவணை தராது. ரிக்சனுக்குச் சக்கர நாற்காலி அன்றே தேவைப்பட்டது. வழக்குப் பேசும் காலத்துக்குள் மனிதன் போய்விடுவான். வெஸ்ட் புரொம்விச்சின் ரசிகர்கள் இரண்டையும் ஒன்றாகச் செய்தார்கள் என்பதனால்தான் அவர்கள்மேல் எனக்குத் தனி மரியாதை. 2014இலிருந்து, அஸ்டிலின் சட்டை இலக்கமான ஒன்பதுக்காக, ஒன்பதாவது நிமிடத்தில் எழுந்து கைதட்டினார்கள். அவர் பெயரால் ஒரு தொண்டு நிறுவனம் எழுந்தபோது அதற்குத் துணை நின்றார்கள். ஆனால் அவர்கள் தூக்கிப்பிடித்த பதாகையில் உதவி என்ற சொல் இல்லை. 'ஜெஃப்புக்கு நீதி' என்றே இருந்தது.

வாங்குகிறவனின் பக்கத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஒருகாலத்தில் எதிராளியை இடித்து வீழ்த்திய உடல், பிறர் தாங்கிப் பிடிக்க வேண்டிய நிலையில், அதே புற்றரைக்கு, அதே கண்களுக்கு முன்னால் வருகிறது. தர்மத்தின் விலை சிலவேளை இதுதான்: இல்லாமையைக் காட்ட வேண்டும். நானாக இருந்தால் வீட்டிலேயே கதவைச் சாத்திக்கொண்டிருப்பேன் என்று நினைத்ததுண்டு. ரிக்சன் அப்படி இருக்கவில்லை. பேச்சு முற்றாகப் போனபின் கண்ணசைவால் இயங்கும் கணினி ஒன்று அவருக்காகப் பேசியது. அந்த இயந்திரக் குரலோடு, 2019 ஜூன் மாதம் கிளாஸ்கோவில், ரசிகர்களுடனான கடைசி இரவு என்று தானே அறிவித்து ஒரு மாலைப் பொழுதை நடத்தினார். மூன்று மாதத்தில் இறந்தார். அவர் அவர்களிடம் வாங்கினாரா, அவர்களுக்குக் கொடுத்தாரா என்பது எனக்கு இன்னும் சரியாகப் பிடிபடவில்லை.

ஒன்று மட்டும் பிடிபடுகிறது, அது எனக்கு உவப்பானதல்ல. கடன்காரர்களைத் தேடிப் போனால் லீக்கின் அலுவலகத்தோடு பயணம் முடிவதில்லை. அந்த 6.7 பில்லியன் எங்கிருந்து வருகிறது? பார்க்கிறவனிடமிருந்து. மூலையிலிருந்து மிதந்து வரும் பந்துக்கு நாலு பேர் மேலெழும்பி, ஒருவன் நெற்றியால் அதை வலைக்குள் அறையும்போது எழும் ஆரவாரம் எங்களுடையது. ஐப்ரொக்ஸில் கொடுத்த நாற்பத்தோராயிரம் பேரும் வேறெவனோ ஒருவனின் கடனை மட்டும் அடைக்கவில்லை. தங்கள் கணக்கிலும் ஒரு பகுதியைத்தான் அடைத்தார்கள். அவர்களுக்கு அது தெரிந்திருந்ததா என்று நான் அறியேன். கொடுத்தவர்கள் எவரும் பெருமை பேசியதாக அந்த ஒளிப்பதிவில் தெரியவில்லை.

2022 நவம்பரில் ஸ்கொட்லாந்து உதைபந்தாட்டச் சங்கம், தொழில்முறைக் கழகங்கள் போட்டிக்கு முதல் நாளும் மறுநாளும் பயிற்சியில் பந்தைத் தலையால் அடிக்கக் கூடாது என்று நெறிமுறை வகுத்தது. போட்டி நாளில் அடிக்கலாம். அன்றுதான் நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.