கோட்டுக்கு வெளியே நிற்பவர்

2023 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு. கள்ளக்குறிச்சியில் நான் வழக்கமாக உட்காரும் டீக்கடையில், புவனேசுவரத்தில் நடந்த உலகக் கோப்பை ஹாக்கி ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நியூஸிலாந்துக்கு எதிராக 3-1 என்று முன்னே இருந்த இந்தியா 3-3 என்று இறங்கி, கடைசியில் ஷூட் அவுட்டில் தோற்றது. கால் இறுதிக்குக்கூடப் போகவில்லை. கடைக்காரர் டெலிவிஷனை அணைத்துவிட்டு, "கோச்சை மாத்தினாத்தாங்க உருப்படும்" என்றார். அவர் வாழ்நாளில் ஹாக்கி மட்டையைக் கையில் பிடித்தவர் அல்ல. ஆனால் நாங்கள் ஐந்தாறு பேர் இருந்தோம். எல்லோருமே தலையை ஆட்டினோம்.

எட்டாம் நாள் பயிற்சியாளர் கிரஹாம் ரீட் ராஜிநாமா செய்துவிட்டார் என்ற செய்தி வந்தது. "நான் சொன்னேன் இல்லீங்களா?" என்றார் கடைக்காரர். அவருடைய முகத்தில் அன்று ஒரு நிறைவு இருந்தது. ஏதோ கடன் வசூலானதுபோல. நேர்மையாகச் சொல்லப்போனால் எனக்கும் அப்படித்தான் இருந்தது. இரவு படுத்த பிறகுதான் அந்த நிறைவு எங்கிருந்து வந்தது என்ற சந்தேகம் எழுந்தது. நியூஸிலாந்து அடித்த கோல்கள் ஒன்றுகூடக் குறையவில்லை. நம்முடைய ஆட்டக்காரர்கள் ஒருவரும் ஒரே வாரத்தில் மாறிவிடவில்லை. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஒரு மனிதர் ஊருக்குப் போகிறார், அவ்வளவுதான். அதில் எனக்கு என்ன ஆறுதல்?

இதே ரீட்தான் 2021-ல் டோக்கியோவில் ஜெர்மனியை 5-4 என்று ஜெயித்து வெண்கலம் வாங்கிய அணிக்கும் பயிற்சியாளர். 1980-க்குப் பிறகு 41 ஆண்டுகள் கழித்து ஒலிம்பிக்கில் ஹாக்கிப் பதக்கம். அன்று இதே டீக்கடையில் எல்லோருக்கும் இலவசமாக டீ கொடுத்தார்கள். அன்று ரீட்டின் பெயரை ஒருவரும் சொன்னதாக எனக்கு நினைவில்லை. கோல்கீப்பர் ஸ்ரீஜேஷின் பெயரைச் சொன்னோம். கோல் அடித்தவர்களின் பெயரைச் சொன்னோம். ஜெயித்தால் ஆடியவர்கள், தோற்றால் ஆட்டுவித்தவர் என்ற கணக்கை நாம் யாரிடமும் கற்றுக்கொள்ளவில்லை; தானாகவே வந்துவிடுகிறது.

ஹாக்கிப் பயிற்சியாளரின் நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஆட்டம் தொடங்கியதும் அவர் கோட்டுக்கு வெளியே நிற்கிறார். பந்தைத் தொட அவருக்கு உரிமை இல்லை. மாதக்கணக்கில் சொல்லிக் கொடுத்ததெல்லாம் பதினோரு பேருடைய கை கால்களில் இருக்கிறது. அது வேளைக்கு வெளியே வருமா வராதா என்பதை அவரும் நம்மைப் போலவே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். நமக்காவது நடுவில் எழுந்து வெளியே போகும் சௌகரியம் உண்டு.

2000-ஆம் ஆண்டு ஸிட்னியில் அந்த இடத்தில் நின்றவர் நம் தமிழ்நாட்டு வாசுதேவன் பாஸ்கரன். 1980-ல் மாஸ்கோவில் ஸ்பெயினை 4-3 என்று வென்று இந்தியா தங்கம் வாங்கியபோது அணித் தலைவர் அவர்தான். ஸிட்னியில் போலந்தை ஜெயித்தால் அரை இறுதி. ஒரு கோல் முன்னே இருந்தோம். ஆட்டம் முடியும் தறுவாயில் போலந்து ஒரு கோலைத் திருப்பியது. அத்துடன் எல்லாம் போயிற்று. ஏழாவது இடம்தான் கிடைத்தது. மாஸ்கோவில் மட்டையோடு நின்றவர், ஸிட்னியில் வெறுங்கையோடு அந்தக் கடைசி நிமிஷங்களைப் பார்த்தார். பயிற்சியாளர் பொறுப்பு கைமாறியது. பிறகு அவரையே மறுபடியும் அழைத்தார்கள். 2006 உலகக் கோப்பையில் 11-ஆவது இடம், மறுபடியும் கைமாறியது.

"சம்பளம் வாங்குகிறவன் பலனைக் காட்ட வேண்டும், காட்டாவிட்டால் போக வேண்டும், இதில் என்ன தர்ம விசாரம்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் நாம் உண்மையிலேயே பலனைப் பார்த்துத்தான் அனுப்புகிறோமா? 1998-ல் பாங்காக்கில் நடந்த ஆசிய விளையாட்டில் இந்தியா தங்கம் வாங்கியது. அதற்கு முந்திய தங்கம் 1966-ல், அதுவும் பாங்காக்கில்தான். 32 ஆண்டுகள் கழித்து வந்த தங்கம். ஊர் திரும்பிய பிறகு நடந்தது என்ன? பயிற்சியாளர் கௌசிக்கை நீக்கினார்கள். அணித் தலைவர் தன்ராஜ் பிள்ளை உட்பட மூத்த ஆட்டக்காரர்கள் சிலரையும் வெளியே நிறுத்தினார்கள். தோற்றாலும் போக வேண்டும், ஜெயித்தாலும் போக வேண்டும் என்றால் பலன் என்ற பேச்சுக்கு அங்கே என்ன வேலை?

நம் சர்க்கார் சிறந்த பயிற்சியாளர்களுக்குத் தரும் விருதுக்குத் துரோணாசாரியர் பெயரை வைத்திருக்கிறது. பெயர் வைத்தவர்கள் எதை நினைத்து வைத்தார்களோ, பொருத்தமான பெயர்தான். அவரும் அரண்மனைச் சம்பளத்தில் இருந்த வாத்தியார். யுத்தத்தில் கௌரவர் பக்கம் சறுக்கிய போதெல்லாம் துரியோதனன் அவரைப் பார்த்துத்தான் குத்திக் குத்திப் பேசினான்: "நீர் மனம் வைத்துப் போரிடவில்லை, உமக்குப் பாண்டவர்கள் மேல் பாசம்." தான் செய்த சூதாட்டத்தைப் பற்றித் துரியோதனன் அந்தச் சமயத்தில் யோசித்ததாகத் தெரியவில்லை.

ஒருவரை அனுப்பவே கூடாது என்று நான் சொல்லவில்லை. எங்கள் ஊரில் 2024 ஜூனில் நடந்ததை நாடே அறியும். கருணாபுரத்தில் மெதனால் கலந்த சாராயத்தைக் குடித்து, 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். உடனே மாவட்ட ஆட்சியர் மாற்றப்பட்டார். போலீஸ் சூப்பிரண்டு தற்காலிகப் பணி நீக்கம் செய்யப்பட்டார். ஆட்டத்தையும் சாவையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. அங்கே மேலே இருந்தவர்கள் பதில் சொல்லியே ஆக வேண்டும். ஆனாலும் அந்த வாரம் ஒன்றைக் கவனித்தேன். உத்தரவு வந்த செய்தி பரவியதும் கடைவீதியில் குரல்கள் தணிந்தன. விற்றவன் யாரென்று தெரிந்தும் பேசாமல் இருந்தவர்கள், வழியில் விழுந்து கிடப்பவனைத் தாண்டிக்கொண்டு தினமும் ஆபீசுக்குப் போனவர்கள், எல்லோரும் கொஞ்சம் நிம்மதியாக மூச்சு விட்டோம். போனவர்மீது குற்றம் போய்விட்டால் மிச்சம் இருப்பவர்கள் சுத்தம். நாம் தேடுவது நியாயத்தையா, இந்த மூச்சையா என்று நான் சந்தேகப்படுவதற்கு ஒரு காரணம் உண்டு. அதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன்.

நான் ஒன்பதாவது படித்தபோது எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஒரு டிரில் மாஸ்டர் வந்தார். கோவில்பட்டிக்காரர். அந்த ஊரில் கரிசல் மண்ணுக்கும் கடலை மிட்டாய்க்கும் அடுத்தபடி ஹாக்கிதான் என்பார். கபடியையும் கிரிக்கெட்டையும் தவிர வேறொன்றும் அறியாத எங்களுக்கு மட்டை பிடிக்கக் கற்றுக் கொடுத்தார். பதினோரு பேருக்கு ஏழு மட்டைதான் இருந்தன. மிச்சத்தை எங்கிருந்தோ பழையதாக வாங்கி வந்து சைக்கிள் டியூபைச் சுற்றிக் கொடுத்தார். என்னை லெஃப்ட் பேக்காக நிறுத்தினார். "நீ எடத்தை விடாதே. பந்து உன்னைத் தேடி வரும்" என்பதுதான் எனக்கு அவர் சொன்ன ஒரே பாடம். எத்தனையோ முறை சொல்லியிருப்பார்.

விழுப்புரத்தில் நடந்த ஒரு போட்டியில், கடைசிப் பத்து நிமிஷம் இருக்கையில், நான் இடத்தை விட்டேன். காரணம் பெரிதாக ஒன்றும் இல்லை. கோல் அடிக்கிறவனுக்குத்தான் கைதட்டுகிறார்கள், தடுக்கிறவனுக்கு இல்லை என்று எனக்குத் தோன்றிவிட்டது. பந்தை இழுத்துக்கொண்டு முன்னே ஓடினேன், பறிகொடுத்தேன். நான் நிற்க வேண்டிய காலி இடத்தின் வழியாகவே அவர்கள் புகுந்து கோல் போட்டார்கள். தோற்றோம்.

எங்களுக்குச் சட்டையும் நிக்கரும் தைத்துக் கொடுத்த பெரிய மனிதர் ஒருவர் ஊரில் இருந்தார். அவருக்குத் தலைமையாசிரியரே எழுந்து நிற்பார். திங்கட்கிழமை எங்களை அறைக்குக் கூப்பிட்டார்கள். பெரிய மனிதர் என்னைப் பார்த்து, "ஏம்ப்பா, பின்னாடி நிக்க வேண்டியவன் எதுக்கு முன்னாடி ஓடினே?" என்று கேட்டார். டிரில் மாஸ்டர் ஜன்னல் ஓரமாக நின்றிருந்தார்.

"சார்தான் போகச் சொன்னாரு" என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த ஜூனில் அவரைக் கல்வராயன் மலைமேல் ஒரு பள்ளிக்கு மாற்றிவிட்டார்கள். "மலைக்குத் தூக்கி அடிச்சுட்டாங்க" என்று பையன்கள் பேசிக்கொண்டோம். என்னுடைய அந்த ஒரு வார்த்தைதான் காரணமா, வேறு ஏதாவது இருந்ததா, எனக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதால் பாரம் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

மலைக்கு மாற்றுவது என்றால் தண்டனை என்று எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் அர்த்தமாகும். கச்சிராயபாளையத்தைத் தாண்டி, கோமுகி அணையைத் தாண்டி, வளைந்து வளைந்து ஏறும் அந்தப் பாதையின் மேல் முனையில் மனிதர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குக் குழந்தைகள் இருக்கிறார்கள், தங்களுக்கு அனுப்பப்படும் ஒவ்வொரு உத்தியோகஸ்தனும் தண்டனை பெற்று வந்தவன் என்று அந்தக் குழந்தைகளுக்கும் தெரியும் என்பதெல்லாம் கீழே இருக்கும் நமக்கு உறைப்பதில்லை. 1976 வரை அந்த மலை ஜாகிர்தார்களின் ஆட்சியில் இருந்தது. சர்க்கார் வந்த பிறகும் கீழ்நாட்டார் வேண்டாம் என்றதைக் கொட்டும் இடமாகத்தான் அதைப் பார்த்தோம்.

ஹாக்கியிலும் இப்படி ஒரு மலை உண்டு. 2018-ல் ஆண்கள் அணியின் பயிற்சியாளராக இருந்தவர் ஷோர்ட் மரைனே என்ற ஹாலந்துக்காரர். காமன்வெல்த் விளையாட்டில் பதக்கம் கிடைக்கவில்லை. மே மாதம் அவரைப் பெண்கள் அணிக்கு மாற்றினார்கள். பெண்கள் அணியில் இருந்த ஹரேந்திர சிங்கை ஆண்கள் அணிக்குக் கொண்டுவந்தார்கள். ஒரே ஆபீசில் மேஜையை மாற்றிப் போடுவதைப் போல. மேலே சறுக்கியவர் பெண்களுக்குப் போதும் என்பது அதன் பொருள் என்று பலரும் எடுத்துக்கொண்டோம். அந்தப் பெண்கள் அதை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்று கேட்க எனக்கும் அன்று தோன்றவில்லை. 2021-ல் டோக்கியோவில் அந்தப் பெண்கள் ஆஸ்திரேலியாவை 1-0 என்று வென்று அரை இறுதிக்குப் போனார்கள். வெண்கலத்துக்கான ஆட்டத்தில் பிரிட்டனிடம் 3-4 என்று தோற்று நான்காம் இடம். இந்தியப் பெண்கள் ஒலிம்பிக்கில் அதற்கு முன் அரை இறுதியில் ஆடியதே இல்லை. ஹரேந்திர சிங்கையோ, உலகக் கோப்பைக் கால் இறுதியில் ஹாலந்திடம் தோற்றதற்காக, 2019 ஜனவரியிலேயே நீக்கியாயிற்று.

மரைனே பெண்கள் அணியில் சாதித்ததால் அவரை மாற்றியது சரி என்று ஆகிவிடாது. தவறு என்றும் ஆகிவிடாது. ஆட்டம் அப்படிச் சுலபமாகத் தீர்ப்புச் சொல்வதில்லை. ஆனால் அந்த நான்காம் இடத்தைப் பத்திரிகையில் படித்தபோது எனக்கு மரைனேயின் முகம் நினைவுக்கு வரவில்லை. ஜன்னல் ஓரமாக நின்ற முகம்தான் வந்தது. காரணம், அதற்குச் சில ஆண்டுகள் முன்பு ஒரு கதைக்காக மலைக்குப் போயிருந்தபோது நேர்ந்த ஒரு சம்பவம்.

வெள்ளிமலையில் பஸ்ஸுக்காகக் காத்திருந்தேன். பக்கத்தில் இரண்டு மூட்டை கடுக்காயோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவராக இருக்கலாம். மூட்டை சரியாமல் இருக்க ஒரு கழியை முட்டுக் கொடுத்திருந்தார். பேசிக்கொண்டே அந்தக் கழியை எடுத்துத் தரையில் கிடந்த ஒரு கடுக்காயை இப்படியும் அப்படியும் தட்டிக்கொண்டிருந்தார். இடது கை மேலே, வலது கை கீழே, மணிக்கட்டு திரும்புகிறது. எனக்குத் திக்கென்றது. அப்படி மணிக்கட்டைத் திருப்பக் கற்றுக் கொடுத்தவர் ஒரே ஒருவர்தான்.

"ஹாக்கி ஆடுவீங்களா?" என்று கேட்டேன்.

அவர் வெட்கத்தோடு சிரித்தார். "படிக்கிறப்ப ஆடினதுங்க சார். கோவில்பட்டி சார்னு ஒருத்தர் இருந்தாரு. நாங்க மரத்துல வளைஞ்ச கிளையா பாத்து வெட்டி வருவோம். அதை நெருப்புல காட்டி வளைச்சுக் கொடுப்பாரு. ரிடையர் ஆகிற வரைக்கும் இங்கேயேதான் இருந்தாரு. கீழே மாத்திக் கொடுக்கறோம்னாங்க, போகலீங்க."

"நல்ல வாத்தியாரா?"

"கீழே தப்புப் பண்ணினவங்களைத்தான் சார் மேலே அனுப்புவாங்க. அப்படி அனுப்பினதுல எங்களுக்கு ஒரு நல்ல வாத்தியார் கெடைச்சாரு."

"என்ன தப்புப் பண்ணினாராம்?"

"நாங்களும் ஒருநாள் கேட்டோங்க. 'ஒரு ஆட்டத்துல தோத்துட்டோம்டா'ன்னாரு. வேற ஒண்ணும் சொல்லலை."

தோற்றோம் என்று சொல்லியிருக்கிறார். பன்மையில். நான் கீழே குனிந்து செருப்பின் வாரைச் சரி செய்துகொண்டேன். வளைவில் பஸ் வரும் சத்தம் கேட்டது. அவர் மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, "உங்களுக்கு அவரைத் தெரியுங்களா சார்?" என்று கேட்டார்.

"கேள்விப்பட்டிருக்கிறேன்" என்றேன்.