ஒரே வாழையா, பல வாழைகளா?

கல்யாண வீட்டு வாசலில் குலையோடு வாழை கட்டுவது, வம்சம் அற்றுப்போகாமல் தழைக்கட்டும் என்ற வேண்டுதல். குலை தள்ளிய தாய்மரம் சாய, பக்கக்கன்று அந்த இடத்தில் எழுகிறது. அப்படியானால் தாய் இறந்ததா? கன்று வேறோர் உயிரா, அதே உயிரா?

வாழைப்பழத்தைக் குறுக்கே நறுக்கினால் நடுவில் பொடிப்பொடியாகக் கறுப்புப் புள்ளிகள் தெரியும். அவை பிடிக்காமல் போன விதைகள். காட்டு வாழையில் அதே இடத்தில் பல்லை உடைக்கும் கொட்டைகள் இருக்கும். காட்டு வாழைக்கு 11 குரோமோசோம்கள் கொண்ட தொகுப்பு இரண்டு. உலகச் சந்தையை ஆளும் கேவண்டிஷுக்கு மூன்று. மூன்றைச் சரிபாதியாகப் பிரிக்க முடியாததால் விதை பிடிப்பதில்லை. கன்றை நட்டு நட்டே மனிதன் அதைக் காத்துவருகிறான்.

2012-இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் தலைமையிலான குழு, 'பகாங்' என்ற காட்டு வாழையின் வழிவந்த செடி ஒன்றின் மரபணுத்தொகுதியை வாசித்து வெளியிட்டது. செடியிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்துத் துண்டாக்கி, ஒவ்வொரு துண்டின் எழுத்து வரிசையையும் கருவியில் படிப்பார்கள். ஒரே புத்தகத்தின் பல பிரதிகளைக் கிழித்துக் கலந்தபின், ஒத்துப்போகும் வரிகளைக் கொண்டு முழு நூலையும் மீட்பதுபோல, கணினி அவற்றைக் கோக்கும். மொத்த நீளம் சுமார் 52 கோடி எழுத்துகள். மரபணுக்கள் 36,000-க்கும் மேல்.

இந்த வாசிப்பு பழைய கேள்விக்கு நேரடியாகப் பதில் தருவதில்லை. ஆனால் கேள்வியைக் கூர்மையாக்குகிறது. கன்றிலும் தாயிலும் எழுத்துகள் ஏறக்குறைய ஒன்றே. 'ஏறக்குறைய' என்பதில்தான் விஷயம் இருக்கிறது: ரோபஸ்டா, கிராண்ட் நைன், குட்டைக் கேவண்டிஷ் எல்லாம் கன்றுவழிப் பெருக்கத்தில் எழுந்த சிறு மாற்றங்களால் பிரிந்த உடன்பிறப்புகள். நகலிலும் காலம் தன் கையெழுத்தைப் போடுகிறது.

ஆனால் அந்த மாற்றங்கள் நோயைத் தடுக்கப் போதவில்லை. ஏற்றுமதியில் கொடிகட்டிப் பறந்த குரோ மிஷேல் ரகத்தைப் பனாமா வாடல் நோய் 1960-களுக்குள் சந்தையிலிருந்தே விரட்டியது. ஒரு மரத்தை வீழ்த்தத் தெரிந்த அந்நோய்ப் பூசணத்துக்கு எல்லா மரமும் ஒன்றுதான். அதன் புதிய வகை இப்போது கேவண்டிஷைத் தாக்குகிறது. பகாங் அதைத் தாங்குகிறது! காட்டு வாழை மரபணு ஒன்றைச் சேர்த்து உருவாக்கிய கேவண்டிஷுக்கு ஆஸ்திரேலியா 2024-இல் அனுமதி அளித்தது.

மாறாமல் தொடர்வது சாகாமை ஆகாது. விதைவழியே ஒவ்வொன்றும் வேறாகப் பிறக்கும் காட்டு வாழைகளில்தான் நாளைய மருந்து இருக்கிறது. கன்றுவழியே தொடரும், பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் பேர்போன விருப்பாச்சி வாழையை முடிக்கொத்து நோய் எப்படி வாட்டியது என்பதைத் தமிழ்நாடு கண்டிருக்கிறது. மேற்கு மலைச்சரிவுகளில் தானாக முளைத்து நிற்கும் காட்டு வாழையை யாரும் வெட்டிச் சாய்க்க விடாதீர்கள்.