பொய்யாமை விரதமும் பிராணவாயு அறையும்

கொல்லாமைக்கு அடுத்து இல்லறத்தாருக்கு விதிக்கப்பெற்ற அணுவிரதம் பொய்யாமை. இதனை விளக்க வந்த சமந்தபத்திர ஆசாரியர், தமது இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில், பொய்யைத் தானும் சொல்லாது பிறரையும் சொல்லச் செய்யாது இருப்பதோடு, கேடு விளைக்குமாயின் மெய்யையும் சொல்லாதிருத்தல் வேண்டும் என்கிறார். இவ்விறுதிப் பகுதியை நம்மவர் பலர் தமக்கு வேண்டும்போது எடுத்தாள்வர். குறிப்பாக, நோயாளி படுத்திருக்கும் வீட்டில். "அவர்கள் நம்பிக்கையை நாம் ஏன் கெடுக்க வேண்டும்?" என்று வாய் மூடியிருக்க ஆசாரியரே இசைவு தந்துவிட்டதாக எண்ணம். இது சரிதானா என்பதை ஒரு சிகிச்சையைக் கொண்டு ஆராய்வோம்.

நாம் சுவாசிக்கும் காற்றில் பிராணவாயு ஏறத்தாழ 21 விழுக்காடு. இறுக மூடிய அறையில் அழுத்தத்தை ஒன்றரை முதல் மூன்று மடங்கு வரை உயர்த்தித் தூய பிராணவாயுவைச் சுவாசிக்கச் செய்தால், சிவப்பணுக்கள் சுமப்பது போக, குருதிநீரிலும் அது மிகுதியாகக் கரைகிறது. ஆம்ஸ்டர்டாம் நகரத்து அறுவை மருத்துவர் பூரெமா, பன்றிகளின் குருதியை ஏறக்குறைய முழுதும் வெளியேற்றிவிட்டு, கரைந்த பிராணவாயுவைக் கொண்டே அவற்றை உயிருடன் வைத்துக் காட்டினார். 1960 இல் அதனை எழுதி வெளியிட்டார். (நாம் துய்க்கும் பல நலன்களின் அடியில் வாயில்லா ஜீவன்களின் வேதனை கிடக்கிறது என்பதைக் கூறாமல் கடக்க மனம் வரவில்லை.) ஆழ்கடலில் மூழ்கி விரைந்து மேலெழுவோர்க்கு வரும் நோய்க்கும், கார்பன் மோனாக்சைடு நச்சுக்கும், ஆறாத சில புண்களுக்கும் இது மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட சிகிச்சை.

தலையில் அடிபட்டு மூளை பாதிக்கப்பெற்றோர்க்கும் இது பயன்படுமா? அடிபட்ட மூளையில் சில அணுக்கள் இறவாமல் செயலற்றுக் கிடக்கின்றன, பிராணவாயு அவற்றை எழுப்பும் என்பர் ஆதரிப்போர். 2013 இல் வெளியான இஸ்ரேல் நாட்டு ஆய்வொன்றில், 40 முறை அறைக்குள் இருந்தோரின் நினைவாற்றலும் கவனமும் மேம்பட்டதாகக் கண்டனர். ஆனால் அதில் போலிச் சிகிச்சையுடன் ஒப்பிடவில்லை. அமெரிக்கப் படைவீரர் 72 பேரைக் கொண்டு நடந்த ஆய்வு 2015 இல் வெளிவந்தது. ஒரு பிரிவினர்க்கு வழக்கமான கவனிப்பு மட்டும். இரண்டாம் பிரிவினர்க்கு அதனுடன் உயர் அழுத்தப் பிராணவாயு. மூன்றாம் பிரிவினர்க்கு அதே போன்ற அறையில் சற்றே அழுத்தம் கூட்டிய வெறுங்காற்று. அறைக்குள் சென்ற இரு பிரிவினரும் தேறினர். அவ்விருவரிடையே வேறுபாடு காணப்படவில்லை. 2018 இல் வந்த மற்றோர் ஆய்வில் மூன்று மாத அளவில் சிறிது நன்மை தெரிந்து, பின்னர்ப் பெரும்பாலும் மங்கிற்று.

வெறுங்காற்றைத் தந்தது பொய்யாகாதா எனச் சிலர் வினவலாம். இரண்டில் எதுவும் கிடைக்கலாம் என்று அறிந்தே அவ்வீரர்கள் இசைந்தனர். ஆகவே விரதத்திற்குப் பங்கமில்லை. அழுத்தக் காற்றும் ஓரளவு மருந்தே என்று ஆதரிப்போர் வாதிடுவதும் தள்ளத்தக்கதன்று.

"எனக்குத் தேறிற்று" என்று நோயாளி சொல்வது மெய். "பிராணவாயுவால் தேறிற்று என்று காட்ட முடியவில்லை" என்று ஆய்வாளர் சொல்வதும் மெய். உடனே நம்மவர், "இதுவே அநேகாந்தம், இரண்டும் சரி" என்று கூறி, யானையும் குருடரும் கதையோடு முடித்துவிடுவர். அநேகாந்தம் அத்துணை எளிதன்று. 'ஸ்யாத்' என்னும் சொல், எந்த நோக்கில் இது மெய் என்று கூறும் பொறுப்பை நம்மீது ஏற்றுகிறது. நோக்கினை மறைத்துவிட்டு "இச்சிகிச்சை மூளைக் காயத்தைக் குணமாக்கும்" என விளம்பரம் செய்பவர் ஏகாந்தத்தில் வீழ்கிறார். அவ்விளம்பரத்தை நல்லெண்ணத்தோடு அடுத்த வீட்டாருக்கு எடுத்துச் சொல்லும் நாமும், பிறரைச் சொல்லச் செய்வதையும் உடன்படுவதையும் நம் அறம் வினையாகவே எண்ணுகிறது என்பதை மறந்துவிடுகிறோம்.

இனி ஆசாரியர் கூறிய கேட்டுக்கு வருவோம். கேடு எந்தப் பக்கம் இருக்கிறது? மெய்யைச் சொன்னால் அந்த வீட்டார்க்கு ஒரு நாள் வருத்தம். சொல்லாவிட்டால் நிலத்தை விற்கலாம், மகளின் திருமணத்துக்குச் சேர்த்த பொருளைச் செலவிடலாம். காதின் உள்ளே காயம் ஏற்படலாம். அரிதாக வலிப்பும் வரலாம். 2025 ஜனவரியில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், வேறு குறைகளுக்காக இத்தகைய அறைக்குள் வைக்கப்பட்ட சிறுவன் ஒருவன் தீ விபத்தில் இறந்தான். அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் 2013 லேயே, மூளைக் காயம் உள்ளிட்ட பலவற்றுக்கு இது பயன்படுவதாக நிறுவப்படவில்லை என்று மக்களை எச்சரித்திருந்தது. இத்தனையையும் அறிந்தவன் மௌனம் காத்தால், அம்மௌனத்தை அகிம்சை என்று கொள்ள நம்மால் இயலவில்லை.

எவ்வாறு சொல்வது என்பதிலேதான் ஆசாரியரின் வாக்கு நமக்குத் துணையாகிறது. பணம் கட்டிச் சிகிச்சையும் முடித்துவிட்ட வீட்டில் போய் "வீண் செலவு" என்பது கேடு தரும் மெய். அங்கே பேசாதிருத்தல் நன்று. முடிவெடுக்குமுன் கேட்போரிடம் முழுதும் கூறவேண்டும். அப்படிக் கூறும்போது, படைவீரர் ஆய்வில் வெறுங்காற்று பெற்றோரும் தேறியதை விட்டுவிடலாகாது. ஒழுங்காக ஓரிடம் சென்று வந்ததும், பிறர் பரிவோடு கவனித்ததும், தேறுவோம் என்ற எதிர்பார்ப்பும் அதற்குக் காரணமாயிருக்கலாம் என்று ஆய்வாளர் கருதினர். அவ்வறைக்கு வாரக்கணக்கில் அழைத்துச் செல்ல ஆள் இருக்கும் வீட்டில், அவரே அந்நேரத்தில் நோயாளியின் அருகமர்ந்து, மருத்துவர் கற்பித்த பேச்சுப் பயிற்சியையும் நடைப் பயிற்சியையும் செய்விக்கலாம் என்பதையும் அப்போதே சொல்லி வைக்கலாம்.